ஒரே கேள்விக்கு இரண்டு பதில்! சதுரங்க யந்திரத்தின் விசித்திர குணம்

1997-ம் ஆண்டு மே மாதம் 4-ந் தேதி. நியூயார்க் நகரில் வானளாவிய கட்டிடம் ஒன்றின் 35-வது மாடி. சிறிய அறை. நடுவே ஒரு மேஜை. மேஜை மேல் சதுரங்கப் பலகை.

ஒரு பக்கம் உலக சாம்பியன் காரி காஸ்பரோவ். எதிரே உட்கார்ந்திருந்தவர் ஆட்டக்காரர் அல்ல, ஐ.பி.எம். கம்பெனி ஊழியர். யந்திரத்துக்குக் கை கிடையாது அல்லவா? அது சொன்னபடி காயை நகர்த்துவதுதான் அவர் வேலை. யந்திரம் வேறோர் அறையில் இருந்தது. அதன் பெயர் "டீப் புளூ".

ஆறு ஆட்டங்கள் கொண்ட பந்தயம். ஜெயித்தவருக்கு 7 லட்சம் டாலர். தோற்றவருக்கு 4 லட்சம் டாலர். முந்திய ஆண்டு பிலடெல்பியாவில் இதே யந்திரத்தின் பழைய வடிவத்தைக் காஸ்பரோவ் 4-2 என்று மடக்கியிருந்தார். இந்த முறையும் முதல் ஆட்டம் அவருக்கே. அன்று நடந்தது இரண்டாவது ஆட்டம்.

36-வது நகர்வு வந்தது. யந்திரத்தின் ராணி எதிரியின் கோட்டைக்குள் புகுந்து சிப்பாய்களைக் கொள்ளையடிக்க வழி திறந்து கிடந்தது. யந்திரங்களுக்குக் காய் வெட்டுவதில் பேராசை உண்டு என்பது அந்நாளில் எல்லாரும் அறிந்த சங்கதி. காஸ்பரோவ் அதைத்தான் எதிர்பார்த்தார்.

யந்திரம் அப்படிச் செய்யவில்லை. வழக்கத்தைவிடக் கூடுதல் நேரம் எடுத்துக்கொண்டது. பிறகு சாதுவாக ஒரு சிப்பாய்க்கு ஒரு சிப்பாயை மாற்றிக்கொண்டது. அடுத்த நகர்வில் பிஷப்பை நடுவே கொண்டுவந்து நிறுத்தி, எதிரிக்கு இருந்த ஒரே வாசலையும் அடைத்துவிட்டது.

பழுத்த அனுபவம் உள்ள மனிதன் ஆடுகிற ஆட்டம்! காஸ்பரோவின் முகம் மாறியது. 45-வது நகர்வோடு தோல்வியை ஒப்புக்கொண்டு எழுந்து போய்விட்டார். அந்த நிலையிலும் ஆட்டத்தை டிராவில் முடித்திருக்கலாம் என்று மறுநாள் ஆராய்ந்தவர்கள் காட்டியபோது அவருடைய வேதனை இரட்டிப்பாயிற்று.

"ஆதாரம் எங்கே?"

யந்திரத்துக்குப் பின்னால் ஒரு மனிதக் கை இருக்கிறதோ என்ற சந்தேகம் காஸ்பரோவுக்கு. 1986-ல் உலகக் கோப்பைக் கால்பந்தில் மாரடோனா கையால் போட்ட கோலை நிருபர்களிடம் அவர் நினைவூட்டினார். யந்திரம் யோசித்ததன் பதிவேட்டைக் காட்டுங்கள் என்று கேட்டார். பந்தயம் முடியும்வரை ஐ.பி.எம். அதைப் பகிரங்கப்படுத்தவில்லை. பின்னால் வெளியிட்டது. அதற்குள் காஸ்பரோவ் கடைசி ஆட்டத்தை 19 நகர்வுகளிலேயே இழந்து, மூன்றரைக்கு இரண்டரை என்று பந்தயத்தையும் இழந்துவிட்டார்.

இந்த இடத்தில் சாதாரணமாக எவருக்கும் ஒரு யோசனை தோன்றும். சண்டை எதற்கு? யந்திரம் யந்திரம்தானே? அதே நிலையில் காய்களை அடுக்கி, மறுபடி யோசிக்கச் சொல்ல வேண்டியதுதானே? அதே நகர்வைச் சொன்னால் அது நிரபராதி. வேறு நகர்வைச் சொன்னால் திருட்டுத்தனம் அம்பலம்!

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இந்தச் சோதனை செல்லாது. டீப் புளூ போன்ற யந்திரத்திடம் ஒரே கேள்வியை இரண்டு முறை கேட்டால் இரண்டு விதமான பதில் வரலாம். அதில் மோசடி எதுவும் இல்லை. அது யந்திரத்தின் பிறவிக் குணம்.

ஒற்றை மூளை

இது எப்படி என்று பார்ப்பதற்கு முன்னால், சதுரங்கப் புரோகிராம் எப்படி யோசிக்கிறது என்று தெரிய வேண்டும்.

ஆட்டம் தொடங்கும்போது வெள்ளைக்கு 20 நகர்வுகள் உண்டு. கறுப்புக்கும் 20. ஆளுக்கு ஒரு நகர்வு ஆனதும் 400 வழிகள். மூன்றாவது நகர்வில் 8,902. நாலாவதில் 1,97,281. ஐந்தாவதில் 48,65,609. ஆறாவதில், அதாவது ஆளுக்கு மூன்று நகர்வு முடிவதற்குள், 11 கோடியே 90 லட்சத்து 60 ஆயிரத்து 324 வழிகள்! ஒரு மரம் கிளைவிட்டு, கிளை மறுகிளை விட்டு, ஆகாயத்தை மறைப்பதைப் போல.

இத்தனையையும் ஒரே பிராசசர் ஒன்றன்பின் ஒன்றாகப் பார்க்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இத்தனை படி ஆழம் போ, நில் என்று கட்டளை. பழைய நினைவுகளை அழித்துவிட்டுத் தொடங்குகிறது. அப்படியானால் நூறு முறை கேட்டாலும் பதில் ஒன்றுதான். இரண்டும் இரண்டும் நாலு என்பதைப் போல. பார்த்த நிலைகளின் எண்ணிக்கைகூட ஒன்று குறையாது, ஒன்று கூடாது.

மனிதர்களிடம் இந்த உறுதி கிடையாது. ஆங்கில மேதை ஆலன் டூரிங், கம்ப்யூட்டரில் ஏற்றுவதற்கு முன்பே காகிதத்தில் ஒரு சதுரங்கப் புரோகிராம் எழுதினார். 1952-ல் அவரே யந்திரமாக உட்கார்ந்து, விதிகளைக் கையால் கணக்குப் போட்டு, அலிக் கிளென்னி என்ற நண்பருடன் ஆடினார். 29 நகர்வுகளில் தோற்றார். பிற்காலத்தில் அந்த விதிகளை நிஜக் கம்ப்யூட்டரில் ஏற்றிப் பார்த்தவர்களுக்கு, டூரிங் ஆடிய சில நகர்வுகள் வரவே இல்லை. மேதை தம் விதியைத் தாமே அங்கங்கே மீறியிருக்கிறார்! அந்தப் புரோகிராமுடன் 2012-ல் மான்செஸ்டரில் ஆடிக் காட்டியவர் வேறு யாரும் அல்ல, காஸ்பரோவ்தான். 16 நகர்வுகளில் ஜெயித்தார்.

மாப்பிள்ளை தேடிய கதை

ஒற்றைப் பிராசசர் நம்பகமானது. ஆனால் மெதுவானது. ஆகவே பல பிராசசர்களை ஒரே வேலையில் இறக்கினார்கள். குழப்பம் அங்கேதான் பிறந்தது.

ஒரு குடும்பத்தில் பெண்ணுக்கு மாப்பிள்ளை தேடுகிறார்கள். பெண்ணின் தகப்பனார் ஒருவரே ஊர் ஊராகப் போகிறார். முதலில் கும்பகோணம். நல்ல பையன். விசாரித்ததில் தெரிந்த பெரிய குறை, வீட்டின்மேல் கொஞ்சம் கடன். சரி, இதைக் கையில் வைத்துக்கொள்வோம் என்று அடுத்து மதுரைக்குப் போகிறார். பஸ்ஸை விட்டு இறங்கியதும் டீக்கடையில் காதில் விழுகிறது: பையனுக்குச் சீட்டாட்டப் பழக்கம். கடனைவிட இது மோசம். அவ்வளவுதான், அடுத்த பஸ்ஸில் ஏறிவிடுகிறார். அந்த வீட்டைப் பற்றி மேற்கொண்டு பத்துப் பேரிடம் விசாரிக்க வேண்டியதில்லை.

சதுரங்கப் புரோகிராம் செய்வது இதேதான். கையில் ஒரு நல்ல நகர்வு இருக்கிறது. அடுத்த நகர்வைப் பார்க்கும்போது, எதிரியிடம் அதற்கு ஒரு சரியான அடி இருப்பது தெரிந்தால், மற்ற அடிகளைப் பார்க்காமலே வெட்டித் தள்ளிவிடுகிறது. மரத்தின் பெரும் பகுதி இப்படித்தான் கழிக்கப்படுகிறது. இதற்கு "ஆல்பா-பீட்டா" முறை என்று பெயர்.

இப்போது தகப்பனார், "தம்பிகளா, நாள் ஆகிறது. நீங்களும் கிளம்புங்கள்" என்று மூன்று தம்பிமாரையும் அனுப்பி, தாமும் புறப்படுகிறார். நாலு பேர், நாலு ஊர், ஒரே நேரம். என்ன ஆகிறது?

மதுரைக்குப் போனவருக்குக் கும்பகோணத்துச் சேதி தெரியாது. சீட்டாட்டம் என்று கேட்ட பிறகும், வேறு வழி இருக்கிறதா என்று தெரியாமல் மேலும் விசாரித்துக்கொண்டிருப்பார். கும்பகோணத்துக்காரர் சீக்கிரம் திரும்பிச் சேதி அனுப்பினால் மதுரைக்காரரின் அலைச்சல் மிச்சம். பஸ் தாமதமானால் இல்லை. ஆக, யார் எவ்வளவு வேலை செய்தார்கள் என்பது பஸ் வந்த நேரத்தைப் பொறுத்தது!

இன்னொன்றும் உண்டு. வீட்டு ஊஞ்சலில் ஒரு நோட்டுப் புத்தகம் கிடக்கிறது. விசாரித்ததை எல்லாரும் அதில் எழுதுகிறார்கள். எந்த வழியாகப் போனாலும் சில சமயம் ஒரே வீட்டு வாசலில் கொண்டுவிடும். ஏற்கெனவே ஒருவர் விசாரித்த வீடு என்றால் நோட்டைப் பார்த்தாலே போதும். சதுரங்கத்திலும், நகர்வுகளின் வரிசை மாறினாலும் காய்கள் ஒரே நிலையில் வந்து நிற்பது சகஜம். ஆகவே எல்லாப் பிராசசர்களும் சேர்ந்து எழுதும் ஒரு பொது நோட்டு யந்திரத்தின் ஞாபகத்தில் உண்டு.

நோட்டில் இருப்பது எல்லாம் ஒரே தரமா? ஒருவர் டீக்கடையில் மட்டும் கேட்டு எழுதினார். இன்னொருவர் அக்கம்பக்கத்தில் நாலு வீடு ஏறி விசாரித்து எழுதினார். மூன்றாமவர் நோட்டைப் புரட்டிய நேரத்தில் எது எழுதப்பட்டிருந்தது? ஆழமான விசாரணையின் முடிவு கண்ணில் பட்டால் அவர் எண்ணம் ஒன்று. அது இன்னும் வந்து சேரவில்லையென்றால் எண்ணம் வேறு. கணித சாஸ்திரப்படி சுத்தமான ஆல்பா-பீட்டா முறையில் எத்தனை பேர் தேடினாலும் முடிவின் மதிப்பு மாறக்கூடாது. மாறுவதற்கு வழி செய்பவை இந்தப் பொது நோட்டும், சந்தேகமான கிளைகளை மேலோட்டமாகப் பார்த்துவிட்டு நகரும் குறுக்கு வழிகளுமே. இரண்டு நகர்வுகள் சமமாக இருந்தால், முந்தி வந்தது இடத்தைப் பிடித்துக்கொள்வதும் உண்டு.

ஒரு நுண்ணிய தாமதம்

யந்திரத்தில் பஸ் எங்கே தாமதமாகிறது? கம்ப்யூட்டர் சதுரங்கத்தை மட்டும் கவனிப்பதில்லை. நடுவே கடிகாரத்தைத் திருத்தும்; திரையைப் புதுப்பிக்கும்; வேறு ஏதோ புரோகிராம் கூப்பிட்டால் ஒரு பிராசசரைச் சற்று அங்கே திருப்பும். ஞாபகத்திலிருந்து ஒரு தகவலை எடுக்கும் நேரமும் ஒவ்வொரு முறையும் ஒன்றாக இராது. மனிதனால் உணரவே முடியாத தாமதம். ஆனால் அதற்குள் இன்னொரு பிராசசர் நோட்டில் ஒரு வரி எழுதிவிடும். அந்த வரியால் ஒரு கிளை வெட்டுப்படும். அதனால் நூறு கிளைகள் மாறும். முடிவில் பலகையில் நகரும் காயே மாறிவிடலாம்.

டீப் புளூவில் 30 பிராசசர்கள். ஒவ்வொன்றின் கீழும் சதுரங்கத்துக்கென்றே தயாரித்த 16 சில்லுகள். ஆக 480. விநாடிக்கு 20 கோடி நிலைகள் வரை பார்க்கும் சக்தி. தலைமைப் பிராசசர் மரத்தின் அடிப்பகுதியைப் பார்த்து வேலையைப் பிரித்துக் கொடுக்கும். மற்றவை மேலே கொண்டு செல்லும். நுனிக் கிளைகளைச் சில்லுகள் ஆராயும். இத்தனை தூதர்கள் ஓடுகிற இடத்தில் யார் எப்போது வந்து சேர்வார்கள் என்பது ஒரு முறை போல மறு முறை இராது.

அந்த 36-வது நகர்வைப் பற்றி வடிவமைத்தவர்கள் சொன்ன விளக்கம் இதுதான்: ராணியின் கொள்ளையை யந்திரமும் முதலில் விரும்பியது. ஆழம் போகப் போக லாபம் குறைவதைக் கண்டது. கூடுதல் நேரம் எடுத்துக்கொண்டு வேறு நகர்வுக்கு மாறியது. நம்பத்தக்க விளக்கம்தான். ஆனால் இப்படிப்பட்ட தருணத்தில்தான் சிறு தாமதத்துக்கும் வலிமை அதிகம். எந்த விநாடியில் லாபம் குறைவது தெரிந்தது, அதற்குள் நேரம் முடிந்ததா என்பதில் தீர்ப்பே தொங்குகிறது.

ஆகவே மறுபடி ஓட்டிப் பார்த்து அதே நகர்வு வந்திருந்தாலும் குற்றமற்றது என்று முழுதாக நிரூபணம் ஆகாது. வராவிட்டாலும் குற்றம் நிரூபணம் ஆகாது. ஒரே சாட்சி, அந்த நேரத்தில் எழுதப்பட்ட பதிவேடு. அதை அன்றைக்கே நடுவர்கள் முன்னிலையில் திறந்து காட்டியிருந்தால் இத்தனை ஆண்டு வம்பு வளர்ந்திராது. கம்பெனி இதில் சாமர்த்தியமாக நடந்துகொண்டது என்று சொல்வதற்கில்லை. காஸ்பரோவும் பின்னாளில் இறங்கி வந்தார். 2017-ல் வெளியிட்ட தம் நூலில், அந்தப் பந்தயத்தில் தம் ஆட்டமே மோசமாக இருந்ததை ஒப்புக்கொண்டார்.

மறையும் மூட்டைப்பூச்சி

புரோகிராம் எழுதுகிறவர்களுக்கு இந்தக் குணம் பெரிய தலைவலி. ஒரு நாள் ராத்திரி யந்திரம் அசட்டுத்தனமாக ராணியைப் பறிகொடுக்கிறது. காலையில் அதே நிலையை வைத்துப் பார்த்தால் உத்தமமாக ஆடுகிறது. ஆயிரம் முறை ஓட்டினாலும் பிழை தலை காட்டாது. விளக்கைப் போட்டதும் சுவர் இடுக்கில் ஒளிகிற மூட்டைப்பூச்சி மாதிரி! பிழை தன் புரோகிராமில் இருக்கிறதா, அல்லது அது வெறும் நேர வித்தியாசமா என்று தெரியாமல் திண்டாட வேண்டியதுதான்.

பொது நோட்டிலேயே ஓர் ஆபத்து உண்டு. இரண்டு பேர் ஒரே வரியில் ஒரே சமயத்தில் எழுதினால்? முன்பாதி ஒருவருடையது, பின்பாதி மற்றவருடையது என்று ஆகிவிடும். மதுரைப் பையனின் பெயருக்கு எதிரே திருச்சிப் பையனின் குணம்! நோட்டுக்குப் பூட்டுப் போடலாம். ஆனால் சாவிக்காக எல்லாரும் வரிசையில் நிற்க வேண்டும். வேகம் போய்விடும்.

இதற்கு ராபர்ட் ஹையாட், டிம் மான் என்ற இரண்டு அமெரிக்கர்கள் ஓர் உபாயம் கண்டு 2002-ல் வெளியிட்டார்கள். ஹையாட் பழம் தின்று கொட்டை போட்டவர். 1983-லும் 1986-லும் கம்ப்யூட்டர் சதுரங்கத்தில் உலகப் பட்டம் பெற்ற "கிரே பிளிட்ஸ்" அவரும் தோழர்களும் எழுதியது. பல பிராசசர் கொண்ட கிரே யந்திரத்தில் அது ஓடியது. உபாயம் இதுதான்: வரியின் முகவரியை அப்படியே எழுதாமல், உள்ளே இருக்கும் தகவலோடு கலந்து எழுதிவிடுவது. படிக்கிறவர் தகவலைக் கொண்டு கலப்பைப் பிரித்துப் பார்ப்பார். முகவரி சரியாக வந்தால் நம்பலாம். இரண்டு பேர் எழுத்து கலந்துபோன வரியில் முகவரி சரியாக வராது. தள்ளிவிடலாம். பூட்டும் இல்லை, காவலும் இல்லை. கறாரான கணக்கப்பிள்ளையின் மூளை!

எல்லாப் பிராசசர்களையும் ஒவ்வொரு படியிலும் நிற்க வைத்து, எல்லாரும் வந்த பிறகே அடுத்த படி என்று கட்டுப்படுத்தினால் பதில் மாறாமல் செய்யலாமே என்று கேட்கலாம். செய்யலாம். ஆனால் வேகமானவன் மெதுவானவனுக்காகக் காத்துக் கிடப்பான். சதுரங்கத்தில் வேகமே பலம். பலத்தை இழந்து ஒழுங்கை வாங்கப் பெரும்பாலோர் தயாராக இல்லை. இன்று உலகெங்கும் வழங்கும் "ஸ்டாக்பிஷ்" என்ற இலவசப் புரோகிராமும் எதிர்த் திசையில்தான் போனது. அதன் பிராசசர்கள் ஒன்றுக்கொன்று உத்தரவு போட்டுக்கொள்வதில்லை. எல்லாம் ஒரே நிலையைத் தத்தம் போக்கில் ஆராய்ந்து, பொது நோட்டின் மூலமாக மட்டும் உறவாடுகின்றன. இதற்குச் "சோம்பேறி" முறை என்றே பெயர்! பார்த்தால் குழப்பம். ஆனால் நன்றாக வேலை செய்கிறது.

இந்தக் குணத்தால் லாபமும் உண்டு. எப்போதும் ஒரே மாதிரி ஆடும் யந்திரத்தை ஒரு தடவை ஜெயித்துவிட்டால் போதும். அதே நகர்வுகளை மறுபடி ஆடித் தினமும் ஜெயிக்கலாம்! பல பிராசசர் யந்திரத்திடம் இந்தப் பாச்சா பலிக்காது.

ஒரு ஆட்டம் போதாது

பதில் மாறிக்கொண்டே இருக்கும் யந்திரம் முன்னைவிடத் தேறியிருக்கிறதா என்று எப்படிச் சொல்வது? ஒரு கடினமான நிலையைக் கொடுத்து, எத்தனை விநாடியில் விடை கண்டது என்று பார்ப்பது பழைய வழக்கம். பல பிராசசர் யந்திரம் ஒரு முறை சட்டென்று கண்டுபிடிக்கும். மறு முறை பல மடங்கு நேரம் எடுக்கும். ஒரே சோதனையை நம்பி மார்தட்டியவர்கள் ஏமாந்தார்கள்.

ஸ்டாக்பிஷ் குழுவினர் 2013 முதல் வேறு வழி வைத்திருக்கிறார்கள். புரோகிராமில் ஒரு சிறு மாற்றம் செய்தால், பழையதையும் புதியதையும் ஆயிரக்கணக்கான ஆட்டங்கள் மோதவிடுவார்கள். ஆர்வலர்கள் பல நாடுகளிலிருந்து தங்கள் கம்ப்யூட்டர்களை இதற்கு இரவல் கொடுக்கிறார்கள். இரண்டாவது உலக யுத்தக் காலத்தில் ஆபிரகாம் வால்ட் என்ற புள்ளிவிவர நிபுணர் வகுத்த முறைப்படி, போதிய அத்தாட்சி கிடைத்த கணத்தில் சோதனை நிற்கும்.

விளையாட்டைப் பாதிக்காத மாற்றம், அதாவது எழுத்தைச் சீர்செய்வது போன்ற வேலை என்றால், ஒற்றைப் பிராசசரில் ஒரு குறிப்பிட்ட நிலைத் தொகுதியை ஓட்டி, மொத்தம் எத்தனை நிலைகள் பார்க்கப்பட்டன என்று எண்ணுகிறார்கள். முன்பு வந்த எண்ணே அட்சரம் பிசகாமல் வர வேண்டும். அந்த எண்ணை மாற்றத்தின் குறிப்பிலேயே எழுதி வைக்கிறார்கள். கைரேகை வைப்பதைப் போல.

டீப் புளூ இப்போது ஆடுவதில்லை. 1997 பந்தயத்துக்குப் பிறகு அதைப் பிரித்துவிட்டார்கள். இரண்டு அலமாரிகளில் ஒன்று வாஷிங்டன் ஸ்மித்ஸோனியன் நிலையத்தின் அமெரிக்க வரலாற்று மியூசியத்திலும், மற்றது கலிபோர்னியாவில் மவுண்டன் வியூ நகரின் கம்ப்யூட்டர் வரலாற்று மியூசியத்திலும் இருக்கின்றன.

ஆனால் அதன் குணத்தை வீட்டிலேயே பார்க்கலாம். ஸ்டாக்பிஷ் புரோகிராம் ஆரம்பத்தில் ஒற்றை இழையில்தான் ஓடும். அப்படியே விட்டு, நோட்டை அழித்துவிட்டு, ஏதாவது ஒரு நிலையை 20 படி ஆழம் ஆராயச் சொல்லிக் கடைசியில் வரும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். மறுபடி நோட்டை அழித்து அதையே செய்யுங்கள். அதே எண்தான் வரும். பிறகு இழைகளை நாலாக்கி இரண்டு முறை ஓட்டுங்கள். இரண்டு எண்களும் வேறு வேறாக இருக்கும். சில நிலைகளில் நகர்வும்தான்.